பெட்டி டிவியும் கறுப்பு வெள்ளையும்: எங்கள் வீட்டு மாடியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு மாடி அறையில் ஒரு பெட்டி டிவி, அதோடு ஒரு டிவி கேம், ஒரு பழைய கம்ப்யூட்டர், எதிர்ச்சுவரில் ஒரு புது டிவி இவ்வளவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் தெருப் பிள்ளைகள் கேம் ஆட வருவார்கள். பொழுது சாய்ந்ததும் அவர்களுடைய அம்மாக்களும் பாட்டிகளும் வந்து உட்கார்வார்கள், பழைய படம் ஓடும். பாண்டியிலிருந்து சொந்தக்காரர்களும் வருவதுண்டு. ஏழெட்டு வருஷமாக இப்படி நடக்கிறது. யார் புதிதாக வந்தாலும் அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் என் அபிப்பிராயத்தையும் கீழே சேர்த்திருக்கிறேன்.

"அக்கா, நான் பழைய கேம் ஒண்ணுகூட ஆடுனதில்ல. எதுல ஆரம்பிக்கட்டும்?"

டெட்ரிஸ். மேலிருந்து கட்டை விழும், திருப்பி அடுக்கணும், ஒரு வரிசை நிரம்பினால் மறைந்துபோகும். இதற்கு மேல் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. மொத்தம் 7 வடிவங்கள், ஒவ்வொன்றிலும் 4 சதுரங்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதில் எதைச் சேர்க்கலாம், எதை எடுக்கலாம் என்று யோசித்தால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் அம்மாவுக்கு 68 வயது. வேறு எந்த கேமையும் தொடமாட்டார். டெட்ரிஸில் மட்டும் நீளக் கட்டை வரும் என்று வலது ஓரத்தில் ஒரு சந்து விட்டுவைத்துக் காத்திருப்பார். அதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. டெட்ரிஸ் கை பழகிவிட்டால் அடுத்தது மரியோ.

"மரியோவ எதுக்கு எல்லாரும் இப்படிக் கொண்டாடுறாங்க? ஓடுறான், குதிக்கிறான், அவ்ளோதானே?"

முதல் ஸ்டேஜின் முதல் 20 விநாடியை மட்டும் நிதானமாகப் பாருங்கள். மரியோ திரையின் இடது ஓரத்தில் நிற்கிறான். வலது பக்கம் காலியாகக் கிடக்கிறது. அதனால் வலது பக்கம்தான் போகவேண்டும் என்று கை தானாகப் புரிந்துகொள்கிறது. கொஞ்ச தூரம் போனதும் கேள்விக்குறி போட்ட ஒரு பெட்டி மினுக்குகிறது. எதிரே பழுப்பு நிறத்தில் ஒன்று முறைத்துக்கொண்டு நடந்து வருகிறது. பட்டால் செத்துப்போவீர்கள், ஆனால் இழப்பது சில விநாடிதான். அடுத்த முறை குதிப்பீர்கள். குதிக்கும்போது தலை பெட்டியில் முட்டிக் காசு வரும்.

இனிமேல்தான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். அடுத்த வரிசைப் பெட்டியை முட்டினால் ஒரு காளான் வெளியே வந்து வலது பக்கம் நகர்ந்து போகும், அங்கே நிற்கும் குழாயில் மோதித் திரும்பி உங்களை நோக்கி வரும். எதிரி என்று நினைத்துத் தாண்டக் குதிப்பீர்கள். தலைக்கு மேல் செங்கல் வரிசை இருக்கிறதே, முட்டிக் கீழே வந்து காளான் மேலேயே விழுவீர்கள். மரியோ பெரிசாகிவிடுவான். காளான் நல்லது என்று ஒரு எழுத்துகூடப் போடாமல் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். 1985இல் ஷிகெரு மியாமோட்டோவும் அவர் குழுவும் செய்த வேலை இது. எங்கள் தெருவில் இன்னும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத யு.கே.ஜி. பையன் அந்த இடத்தைத் தானே கண்டுபிடித்துத் தாண்டியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"அதுல மேகமும் புதரும் ஒரே படம்தான்னு சொல்றாங்களே, நெஜமா?"

நிஜம்தான். மேகத்தின் வடிவத்தையே பச்சை வண்ணத்தில் தரையில் வைத்தால் புதர். ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் கண்ணுக்கு அதுதான் தெரியும்.

காரணம் இடம் இல்லாமைதான். மொத்த கேமும் 40 கிலோபைட். உங்கள் போனில் எடுக்கும் ஒரு போட்டோ 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு போட்டோவின் இடத்தில் 100 மரியோ கேமை வைக்கலாம். அவ்வளவு சின்ன இடத்தில் 8 உலகம், உலகத்துக்கு 4 ஸ்டேஜ், பாட்டு, சத்தம் எல்லாவற்றையும் அடக்கவேண்டியிருந்தது. ஒரு முந்தானையைக் கிழித்து இரண்டு பிள்ளைக்குச் சட்டை தைத்த கைகளை நமக்குத் தெரியும். இதுவும் அப்படிப்பட்ட கைவேலைதான்.

"பழைய கேம் எல்லாம் ஏன் இவ்ளோ கஷ்டமா இருக்கு? ரெண்டு நிமிஷத்துல செத்துடுறேன்."

இரண்டு காரணம். முதலாவது, காசு போட்டு ஆடும் பெட்டிகளில் பிறந்த பழக்கம். ஆடுகிறவர் சீக்கிரம் தோற்றால்தான் அடுத்த காசு விழும். இரண்டாவது, மேலே சொன்ன இடக்குறைவு. கான்ட்ரா என்ற சுடும் கேமைத் தெரிந்தவர் ஆடினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அந்த அரை மணி நேரச் சரக்கை வைத்துக்கொண்டு ஒரு முழுப் பரீட்சை லீவையும் ஓட்டவேண்டும் என்றால் கஷ்டமாகத்தான் வைக்க முடியும்.

கான்ட்ராவில் 3 லைஃப்தான். தலைப்புத் திரையில் மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ என்று அழுத்திவிட்டு ஸ்டார்ட் கொடுத்தால் 30 கிடைக்கும். அந்த வரிசை முதலில் வந்தது 1986இல் கிராடியஸ் என்ற கேமில். அதை வீட்டு டிவிக்கு மாற்றிக்கொண்டிருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கத் தனக்கே ரொம்பக் கஷ்டமாக இருந்ததால் வைத்த வழி அது. செய்தவரே கஷ்டம் என்று ஒத்துக்கொண்ட பிறகு நாம் கூச்சப்படவேண்டியதில்லை. 30 லைஃப் வைத்து ஆடுவது ஏமாற்று வேலை இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. முதலில் கடைசி வரை பார்த்துவிடுங்கள். 3 லைஃபில் முடிக்கும் ஆசை அப்புறம் தானே வரும்.

"வாத்து சுடுற துப்பாக்கி புது டிவியில வேலையே செய்யல. துப்பாக்கி ரிப்பேரா?"

துப்பாக்கி நன்றாக இருக்கும். டிவிதான் காரணம். துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. அதன் வாயில் ஒரு கண் இருக்கிறது, அது வெளிச்சத்தைப் பார்க்கிறது. விசையை அழுத்தியதும் ஒரு கணம் திரை முழுக்கக் கறுப்பாகும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் வரும். கறுப்புக்குப் பிறகு வெள்ளை தெரிந்தால் சுட்டது பட்டது என்று அர்த்தம். இரண்டு வாத்து இருந்தால் சதுரம் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எது அடிபட்டது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடும்.

பெட்டி டிவி சிக்னல் வந்த கணத்திலேயே படத்தை வரைந்துவிடும். புது டிவி படத்தை வாங்கி, சரிசெய்து, கொஞ்சம் தாமதமாகக் காட்டும். அந்தத் தாமதத்துக்குள் கேம் தவறவிட்டதாக முடிவு கட்டியிருக்கும். அது மட்டுமில்லை, அந்தக் கண் பழைய குழாய்த் திரையின் துடிப்பைப் பிடிக்கும்படி அமைக்கப்பட்டது, தட்டைத் திரையில் அந்தத் துடிப்பே கிடையாது. இந்த ஒரு கேமுக்காகவே நான் பெட்டி டிவியை எடைக்குப் போடாமல் வைத்திருக்கிறேன்.

"கேம் கேசட்ட ஊதிப் போட்டா ஓடும்ல?"

நாங்கள் எல்லோரும் ஊதியவர்கள்தான். ஆனால் வேலை செய்தது ஊதல் இல்லை, கழற்றி மறுபடி செருகியது. அப்படிச் செருகும்போது உலோகக் கம்பிகள் உரசிச் சரியாக உட்காரும். ஊதுவதால் எச்சில் ஈரம் படும், நாளாக ஆகப் பச்சை பூக்கும். கடலூர், பாண்டி மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தேவனாம்பட்டினம் பக்கம் ஜன்னல் கம்பி எத்தனை மாதத்தில் துருப்பிடிக்கிறது என்று பாருங்கள், கேசட்டின் கதியும் அதுதான்.

பென்சில் அழிக்கும் ரப்பரால் கம்பிகளை மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒருமுறை துடையுங்கள். காய்ந்த பிறகு போடுங்கள். 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் எங்கள் மாடி ஷீட்டைத் தூக்கிக்கொண்டு போனபோது பரணில் இருந்த 14 கேசட்டும் நனைந்தன. தெருவில் கரண்ட் வரவே பல நாள் ஆயிற்று. அந்த நாட்களில் அண்ணனும் நானும் ஒவ்வொன்றையும் திருகு கழற்றிப் பிரித்து நிழலில் உலர்த்தினோம். 11 பிழைத்தன. வெயிலில் வைக்காதது நல்லதாகப் போயிற்று, பிளாஸ்டிக் வளைந்திருக்கும்.

"999999 இன் 1னு போட்ட கேசட்ல உண்மையில எத்தன கேம் இருக்கும்?"

பல கேசட்டில் பத்துக்குள்தான். அதே கேம் வேறு பெயரில், வேறு ஸ்டேஜில் தொடங்கும், அல்லது லைஃப் கூடுதலாக இருக்கும். நம் ஊருக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை உரிமம் இல்லாத நகல்கள். 1990களில் அது எங்களுக்குத் தெரியாது. இப்போது தெரியும் என்பதால், விலைக்குக் கிடைக்கிற கேம்களை விலை கொடுத்தே வாங்குகிறேன். மரியோவைச் செய்த நிண்டெண்டோ கம்பெனி தன் பழைய கேம்களைப் புது இயந்திரத்திலும் தருகிறது.

"போன்லயே ஆடலாமே, எதுக்கு ஜாய்ஸ்டிக்?"

மரியோவில் குதிக்கும் பட்டனைத் தொட்டு விட்டால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. விரலுக்கு அந்த அளவு தெரியவேண்டும். கண்ணாடியில் தடவும்போது பட்டன் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியாது. போனில் மரியோ ஆடிவிட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்கிறவர்களிடம் ஒரு பத்து நிமிஷம் ஜாய்ஸ்டிக்கைக் கொடுத்துப் பார்க்கிறேன். பாதிப் பேர் மனசு மாறுகிறார்கள். டெட்ரிஸ் போனிலும் பரவாயில்லை.

"பேக்மேனுக்கு முடிவே கிடையாதா?"

புள்ளிகளைத் தின்றுகொண்டே பேய்களிடமிருந்து ஓடும் இந்த கேமை 1980இல் தோரு இவாதானி உருவாக்கியபோது முடிவு என்று ஒன்று வைக்கவில்லை. ஆனால் முடிவு தானாக வந்து சேர்ந்தது. ஸ்டேஜ் எண்ணை வைக்க ஒரே ஒரு பைட் ஒதுக்கியிருந்தார்கள். அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 256ஆவது ஸ்டேஜில் கணக்கு வழிந்து, கீழே பழங்களை வரையும் பகுதி தடுமாறி, திரையின் வலது பாதி எழுத்தும் குறியுமாகக் கலைந்துபோகும். அந்த ஸ்டேஜை முடிக்க முடியாது.

நீங்களும் நானும் அங்கே போய்ச் சேரப்போவதில்லை என்றாலும் அந்த நாலு பேய்களைக் கவனியுங்கள். சிவப்பு நேராகத் துரத்தும். இளஞ்சிவப்பு நீங்கள் போகிற வழியில் முன்னால் போய் மடக்கப் பார்க்கும். அவற்றின் குணம் பிடிபட்ட பிறகு ஆட்டமே வேறு.

"பழைய படம் பாக்கலாம்னு இருக்கேன். எங்க அத்த பாசமலர்ல ஆரம்பிங்கிறாங்க. சரியா?"

அத்தை மேல் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் முதல் படமாக அது வேண்டாம். அழுகையில் தொடங்கினால் பழைய படம் என்றாலே அழுகை என்ற எண்ணம் வந்துவிடும். ஸ்ரீதரின் காதலிக்க நேரமில்லை, 1964, அதில் தொடங்குங்கள். முழு வண்ணம், முழுச் சிரிப்பு. நாகேஷ் பாலையாவிடம் தன் பேய்ப் படத்தின் கதையைச் சொல்லும் காட்சி வரும்போது நாகேஷைப் பார்க்காதீர்கள். எல்லோரும் அவரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் பாலையாவின் முகத்தைப் பாருங்கள். கதவு திறக்கும் சத்தத்தையும் காற்றையும் நாகேஷ் வாயாலேயே கொண்டுவர, கேட்கிறவர் கண் எப்படி விரிகிறது, எப்போது துணுக்குறுகிறார், இதெல்லாம் கேமராவுக்காகச் செய்தது மாதிரியே இருக்காது. ஒரு பேயும் திரையில் வராது. ஆனாலும் எங்கள் மாடியில் பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது மகேந்திரனின் முள்ளும் மலரும், 1978. அதற்கப்புறம் அத்தையைக் கூப்பிட்டு உட்காரவைத்து பாசமலர் பாருங்கள். அவரோடு சேர்ந்து பார்க்கவேண்டிய படம் அது.

"கறுப்பு வெள்ளன்னா பசங்க எந்திரிச்சுப் போயிடுறாங்க. என்ன பண்றது?"

ஒரு கொலையில் தொடங்குங்கள். எஸ்.பாலசந்தர் இயக்கிய அந்த நாள், 1954. ரேடியோ இன்ஜினியர் ஒருவர் சுடப்பட்டுக் கிடக்கிறார், சுட்டது யார்? ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள். பாட்டு கிடையாது, நடனம் கிடையாது. பாட்டில்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம் இதுதான். கொன்றவர் யார் என்று நான் இங்கே எழுதமாட்டேன், நீங்களும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். பாதியில் நிறுத்தி, யார் கொன்றிருப்பார்கள் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். போன ஆவணியில் அப்படி நிறுத்தியதில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் இருவர் திங்கட்கிழமை ஸ்கூல் விட்டதும் மீதியைப் பார்க்க வந்துவிட்டார்கள்.

அறையை இருட்டாக்குவது முக்கியம். கறுப்பு வெள்ளையில் வெளிச்சம்தான் வண்ணம். டியூப்லைட் போட்டுப் பார்த்தால் எல்லாம் சாம்பலாகத்தான் தெரியும். எம்ஜிஆர் இயக்கி நடித்த நாடோடி மன்னன், 1958, இன்னொரு நல்ல வழி. கறுப்பு வெள்ளையில் தொடங்கிப் பின்பகுதியில் வண்ணமாக மாறும். அந்த மாற்றத்துக்காகவே பிள்ளைகள் காத்திருப்பார்கள்.

"பழைய படத்துல ஏன் இவ்ளோ பாட்டு? ஏன் எல்லாரும் கத்திக் கத்திப் பேசுறாங்க?"

இதற்குப் பதில் பாண்டியிலேயே இருக்கிறது. கருவடிக்குப்பம் சுடுகாட்டில் சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இருக்கிறது. தூத்துக்குடி பக்கத்தில் 1867இல் பிறந்தவர், பாண்டியில் 1922 நவம்பர் 13 அன்று காலமானார். தமிழ் நாடகத்தை ஊர் ஊராகக் கொண்டுபோன சிறுவர்கள் நடிக்கும் பாய்ஸ் கம்பெனிகளுக்கு நாடகமும் பாட்டும் எழுதிக் கொடுத்தவர், சிறுவர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவர் காதுக்கும் எட்டவேண்டும். அதனால் குரல் உயர்ந்தது, வசனம் ராகத்தில் போயிற்று, சோகமும் கோபமும் பாட்டாக வந்தன.

1931இல் தமிழ் பேசும் படம் வந்தபோது நடிக்க வந்தவர்கள் அந்த மேடைக்காரர்கள்தான். பின்னணிப் பாடல் வரும் வரை பாடத் தெரிந்தவர்தான் நடிக்க முடியும். தியாகராஜ பாகவதரின் ஹரிதாஸ் 1944இல் வெளியாகி சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளியைக் கண்டது, ஜனங்கள் பாட்டுக்காகவே திரும்பத் திரும்பப் போனார்கள். எம்ஜிஆரும் சிவாஜியும்கூடப் பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்தவர்கள்தான். பராசக்தியில் (1952) சிவாஜி பேசும் நீதிமன்றக் காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். கடைசி வரிசைக்காகப் பேசுகிற குரல் அது.

போன வருஷம் பாண்டிக்குப் போனபோது அம்மாவைக் கருவடிக்குப்பத்துக்கு அழைத்துப் போனேன். பக்கத்தில்தான் பாரதி பாடிய குயில்தோப்பு. சமாதிக்கு முன்னால் நின்று அம்மா சுவாமிகளின் வள்ளி திருமணம் நாடகத்தில் வரும் ஒரு பாட்டை மெதுவாகப் பாடினார். சின்ன வயதில் கோயில் திருவிழாவில் கேட்டது, ஒரு வரி விடவில்லை.

"பழைய படத்துல எல்லாரும் குண்டா, குள்ளமா தெரியறாங்களே?"

டிவி இழுத்துவிட்டது. பழைய படத்தின் திரை கிட்டத்தட்டச் சதுரம், அகலம் 4 என்றால் உயரம் 3. புது டிவி 16க்கு 9. பக்கத்தில் கறுப்புப் பட்டை வரக்கூடாது என்று படத்தை இழுத்தால் அகலம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். பத்மினி அப்படியா இருந்தார்? ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் இடத்துக்குப் போய் 4:3 வையுங்கள். தமிழில் முதல் சினிமாஸ்கோப், அதாவது அகலத்திரைப் படம், 1973இல் வந்த ராஜராஜ சோழன். அதற்கு முந்தைய தமிழ்ப் படங்களுக்கு இந்த அளவே பொருந்தும். பழைய கேமுக்கும் இதே விதி, மரியோ ஒல்லியான ஆளில்லைதான், ஆனால் அவ்வளவு அகலமும் இல்லை.

"சாப்ளின் படத்துல எல்லாரும் தடதடன்னு நடக்கறாங்களே, அந்தக் காலத்துல அப்படியா நடந்தாங்க?"

இல்லை. ஊமைப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16, 18, 20 என்று ஆளுக்கு ஆள் வேகம் மாறும். பேசும் படம் வந்த பிறகு விநாடிக்கு 24 என்று நிலையானது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் ஒன்றரை மடங்கு வேகம். நகைச்சுவைக்காக வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றியதும் உண்டு.

"பழைய படத்துக்குக் கலர் ஏத்தி வர்றது நல்லதுதானே?"

இரண்டு வேலையைப் பிரித்துப் பார்க்கவேண்டும். கிழிசலையும் கீறலையும் நீக்கி, மங்கிய வண்ணத்தை மீட்பது ஒன்று. 1964இன் கர்ணன் 2012இலும், 1965இன் ஆயிரத்தில் ஒருவன் 2014இலும் அப்படித் தியேட்டருக்குத் திரும்ப வந்தன. அதை மனதார வரவேற்கிறேன்.

கறுப்பு வெள்ளைக்கு வண்ணம் பூசுவது வேறு. 1957இல் வந்த மாயாபஜாரின் தெலுங்குப் பதிப்பை 2010இல் வண்ணத்தில் வெளியிட்டார்கள். வேலை நேர்த்திதான். ஆனால் ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி அந்த ஓடத்தையும் நிலவொளியையும் கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் எத்தனை சாம்பல் உண்டோ அத்தனையும் வைத்து வரைந்தவர். நீலம் பூசியதும் அந்த நிலவு எனக்கு அணைந்துபோன மாதிரி இருக்கிறது. பிள்ளைகளை உட்காரவைக்க அது உதவும் என்றால் பாருங்கள், அடுத்த வாரமே பழையதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

"பிரான்ஸ்லேர்ந்து நாத்தனார் பசங்க வந்திருக்காங்க, தமிழ் வராது. அவங்களுக்கு என்ன போடறது?"

பாண்டி வீடுகளிலிருந்து வருஷா வருஷம் ஜூலையில் வரும் கேள்வி. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய பேசும் படம், 1987. வசனமே கிடையாது, கமல் கதையை முகத்தாலும் உடம்பாலும் நடத்திப் போவார். கேம் என்றால் டெட்ரிஸ், மேலே சொன்ன காரணமே.

"படம்னா கலைம்மா. கேம் பொழுதுபோக்கு. ரெண்டையும் ஒரே தட்டுல வெக்கிறியே?"

பக்கத்துத் தெரு தமிழாசிரியர் கேட்டது, ரிட்டயர் ஆனவர். அவருக்குப் பழைய கம்ப்யூட்டரில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவைப் போட்டுக் காட்டினேன். 1989இல் ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் கிட்டத்தட்டத் தனியாளாகச் செய்தது. தன் தம்பியை ஓடவும் தாவவும் விளிம்பில் தொங்கவும் சொல்லி வீடியோ எடுத்து, ஒவ்வொரு அசைவையும் அதன் மேலேயே வரைந்து கேமில் வைத்தார். அதனால்தான் அந்த இளவரசன் ஓடி நிற்கும்போது ஒரு அடி சறுக்கி நிற்கிறான், மனுஷன் நிற்கிற மாதிரி. வாள்சண்டைக்கு அவர் எடுத்துக்கொண்டது 1938இல் வந்த ராபின் ஹுட் படத்தின் சண்டைக் காட்சி. பழைய படம் ஒன்று அந்தக் கேமுக்குள் அப்படியே உயிரோடு இருக்கிறது.

டெட்ரிஸ் ஆடிக்கொண்டிருந்த அம்மா தலையைத் திருப்பி, "எம்ஜிஆர் நம்பியார் சண்ட மாதிரியே இருக்குதே" என்றார். ஆசிரியர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு இரண்டும் ஒரே தட்டில் இருப்பதற்குக் காரணம் இடக்குறைவுதான். 40 கிலோபைட்டுக்குள் மரியோ. 1000 அடி ஃபிலிமில் கிடைப்பது சுமார் 11 நிமிஷம், அதை வீணாக்க முடியாது என்று ஒத்திகை மேல் ஒத்திகை பார்த்த நடிகர்கள். 1978இல் தொமொஹிரோ நிஷிகாதோ செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற கேமில் எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடும். வரையவேண்டிய உருவம் குறைந்ததால் இயந்திரம் தானாக வேகமெடுத்தது, அதை அவர் அப்படியே விட்டுவிட்டார். இருக்கிற குறையை வைத்துக்கொண்டு இதைச் செய்தவர்களை நினைக்கும்போது எனக்கு மரியாதை வருகிறது. அது நாகேஷாக இருந்தாலும் சரி, நிஷிகாதோவாக இருந்தாலும் சரி.

"அப்போ பழசு எல்லாமே நல்லதுங்கறீங்களா?"

இல்லவே இல்லை. 1982இல் அட்டாரி என்ற கேம் இயந்திரத்துக்காக ஈ.டி. என்ற கேமை ஐந்து வாரத்தில் செய்யவைத்தார்கள். எங்கே போனாலும் குழியில் விழவேண்டும். விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் குப்பைக்குழியில் கொட்டிப் புதைத்தார்கள், 2014இல் அதைத் தோண்டியும் எடுத்தார்கள். குறைவான இடம் கைவேலையை வளர்க்கும். குறைவான நேரம் அப்படியில்லை.

படங்களில் எனக்குப் பொறுக்காதது, திமிர் பிடித்தவள் என்று சொல்லிப் பெண்ணை அறைவது, அறை வாங்கியதும் அவள் காதலிப்பது. மாடியில் பெண்பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த இடம் வந்தால் படத்தை நிறுத்திவிட்டு, இது தப்பு என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் தொடர்கிறேன். நல்ல படத்தில் வந்தாலும் தப்பு தப்புதான். கதையோடு ஒட்டாத நகைச்சுவைப் பகுதிகளை ஓட்டிவிடலாம், அதில் பாவமில்லை.

"இந்தச் சாமானெல்லாம் எங்க கெடைக்கும்?"

பாண்டி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பொறுமையாகத் தேடினால் கேசட்டும் ஜாய்ஸ்டிக்கும் கிடைக்கும். காலையிலேயே போங்கள். கேசட்டின் வாயைத் திருப்பிப் பார்த்துப் பச்சை பூத்திருக்கிறதா என்று கவனியுங்கள். லேசாக இருந்தால் ரப்பர் வைத்தியம் போதும், குழி விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள். பெட்டி டிவி காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை, சொந்தக்காரர் வீட்டுப் பரணில் ஒன்று இருக்கும். ஆனால் ஓடவில்லை என்று நீங்களே அதைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும். பழைய டிவி மெக்கானிக் ஒருவர் கையில் கொடுங்கள்.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு வரலாம்? எதாச்சும் எடுத்துட்டு வரணுமா?"

மூன்று மணியிலிருந்து ஐந்தரை வரை கேம், ஆறு மணிக்குப் படம். ஒன்றும் எடுத்துவர வேண்டாம். மினுக்கும் வெளிச்சத்தால் வலிப்பு வரக்கூடிய பிள்ளை என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், துப்பாக்கி கேமைப் போடமாட்டேன். இடி இடித்தால் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவோம், அன்றைக்கு வெறும் பேச்சுதான். அம்மா டெட்ரிஸில் உட்கார்ந்திருந்தால் ஆட்டம் முடியும் வரை பக்கத்தில் பொறுமையாக உட்காருங்கள். இந்த வாரப் படம் ஆயிரத்தில் ஒருவன், முதல் பாதி.